பழைய கை

இன்பராஜின் மனைவி எப்சிக்கு நினைவு ஜெபம் முடிந்து பிரியாணி வருவதற்குள், பழைய பாக்ஸரான மாமனாரும் இன்றைய பாக்ஸரான மச்சான் ராபினும் ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் காலத்துக் குத்து பெரிதா, இந்தக் காலத்துக் குத்தா? தீர்ப்புக்கு இன்பராஜையே நடுவில் நிறுத்தினார்கள். அவள் போனதிலிருந்து அவனுக்கு அழுகைகூட வரவில்லை. ராபின் அவன் விலாவில் ஒன்று இறக்கினான். மாமனார் வயிற்றில் ஒன்று வைத்தார்.

"எது வலிச்சுது மாப்ள?"

"ரெண்டுமே தெர்ல மாமா."

"வயசாயிடுச்சு நைனா," என்று ராபின் சிரித்தான்.

"இருடா. எப்சிக்குக் கத்துக்குடுத்தத காட்டறேன்."

கிழவர் வேட்டியை மடித்துக் கட்டி, இன்பராஜின் இடது தோளில் விரல்முட்டியால் லேசாகத் தட்டினார். தினமும் காலையில் எப்சி அவனை எழுப்பிய அதே குத்து. இன்பராஜின் கண்கள் நிறைந்து வழிந்தன.

"பாத்தியாடா, அழுவுறான்! பழைய கை!" கிழவர் துள்ளினார்.

"இன்னொண்ணு மாமா," என்று இன்பராஜ் தோளைக் காட்டினான்.