பேத்தை மீன் குழம்பு

குழம்பு கொதிக்கத் தொடங்கியதும் அவள் நாயை அவிழ்த்துவிட்டாள்.

அது போகவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு அவள் காலையே சுற்றியது. நிறைசூல். வயிறு தரையைத் தொட்டது. மீன் வாசம் வேறு.

"போடி சனியனே. எங்கயாச்சும் போயித் தொலை."



சட்டியில் இருந்தது பேத்தை. வலையில் விழுந்தால் மற்றவர்கள் காலால் எத்திவிட்டுப் போகும் மீன். ஈரலில் விஷம், சினையில் விஷம், தோலில் விஷம்.

அவள் புருஷன் சந்தியாகுவுக்கு மட்டும் அது கோழிக்கறி. தன்னைப்போல அதை அறுக்கத் தெரிந்தவன் இந்தக் கரையில் எவனுமில்லை என்று மார்தட்டுவான். அத்தனை மார்தட்டுகிறவன் முதல் வாயை ஒருநாளும் தான் வைத்ததில்லை. முதல் துண்டு நாய்க்கு. ஒரு மணி நேரம் பார்ப்பான். நாய் எழுந்து நடந்தால் தட்டை எடுப்பான்.

பெரிய வீரன்தான்!

"நாய்க்கு ஒண்ணும் ஆகலேன்னா மனுசனுக்கும் ஒண்ணும் ஆகாது" என்பான் கேட்டால்.

போன வருஷம் வெள்ளையன் என்றொரு நாய் இருந்தது. அது எழுந்து நடக்கவில்லை. முதலில் பின்னங்கால் விழுந்தது. பிறகு முன்னங்கால். கண் மட்டும் மூடவில்லை. மூச்சு நிற்கும்வரை அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தது.

அவன் குழம்பைக் குழிதோண்டிக் கொட்டிவிட்டு வந்து, கஞ்சி இருக்கிறதா என்று கேட்டான்.

இன்னொரு தடவை அதைப் பார்க்க அவளால் முடியாது.

கல்லை எடுத்தாள்.

வளர்த்த நாள்முதலாய் அதை நோக்கிக் கை ஓங்கியதில்லை. கல் விலாவில் பட்டது. அலறிக்கொண்டு ஓடியது. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உடைமரங்களுக்குள் போய் மறைந்தது.

அப்பாடா.

அவன் குளித்துவிட்டு வந்தான். வெறுங்கயிற்றைப் பார்த்தான்.

"எங்கடி அது?"

"அத்துக்கிட்டு ஓடிருச்சு."

கயிறு அறுந்திருக்கவில்லை. அதையும் பார்த்தான்.

அடி விழும் என்று அவள் முகத்தை ஒதுக்கினாள். விழட்டும். வாயில்லா ஜீவன் பிழைத்துவிட்டது, வயிற்றில் இருப்பவையும் பிழைத்துவிட்டன. அதற்கு இரண்டு அறை வாங்கினால் என்ன?

அவன் அடிக்கவில்லை. ஒரு வசவுகூட இல்லை.

தானே போய்த் தட்டைக் கழுவினான். சோறு போட்டான். குழம்பு ஊற்றினான். நடுத்துண்டாகப் பார்த்து இரண்டு எடுத்து வைத்தான்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். அவன் தின்று எழுந்த பிறகுதான் அவளுக்குச் சோறு. சட்டியில் ஒட்டியிருப்பதுதான் குழம்பு.

"வா புள்ள" என்றான். குரல் அத்தனை இதமாக இருந்தது. "இன்னைக்கி நீ மொதல்ல சாப்பிடு."

அவள் உட்கார்ந்தாள்.

அவன் எதிரே சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டான். அவனுக்கு அவசரமே இல்லை.