கடைசி ஆளுக்காக ஒரு விசில்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க கண்ணுங்களா, ஒரு விசிலோட கதையைச் சொல்றேன்.

முப்பது வருஷத்துப் பழைய வீடியோ கேம் அது. அதிலே மலை உயரக் கப்பல் ஒன்று வானத்துக்குக் கிளம்பும். அதைக் கிளப்புவது தென்காசி பஸ் கண்டக்டர் சுடலையாண்டியின் விசில். அவரும் போய்ச் சேர்ந்தார், அந்த விசில் சத்தத்தைக் கேமில் வைக்கப் போட்ட ஒப்பந்தமும் ஒரு நாள் முடிவுக்கு வந்தது. வாரிசுகள் இரண்டு பேரும் கையெழுத்துப் போடாவிட்டால் அன்று மாலையோடு கேமைக் கடையிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

அண்ணன் இசக்கி போட்டுவிட்டான். தங்கை பேச்சியம்மாள் மாட்டேன் என்றாள்.

"தன் மக கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வைக்காதவன். அவன் பேருக்குக் கீழே நான் கையெழுத்துப் போடணுமோ?"

கேம் கம்பெனியிலிருந்து வந்த ஜெசிந்தா கெஞ்சினாள். "ஒரு தடவை உள்ளே போய்ப் பாத்துட்டு வேண்டாம்னு சொல்லுங்கக்கா."

கேமுக்குள்ளேயே நிற்பதுபோல் காட்டும் கண்ணாடியை மாட்டியதும் பேச்சியம்மாள் ஒரு மணல்வெளியில் நின்றாள். எதிரே கப்பல். அதற்குள்ளிருந்து, கடைசியாக ஒரு தடவை விளையாட வந்த நாற்பதாயிரம் பேர், எந்தெந்த தேசமோ, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் இன்னும் கிளம்பலை?"

"நீங்க ஒருத்தர்தான் பாக்கி. கடைசி ஆள் ஏறாம விசில் வராதுக்கா."

அப்பாவும் அப்படித்தான். பள்ளிக்கூட நிறுத்தத்தில் அவள் ஓடி வந்து ஏறும்வரை விசிலை வாயில் வைத்தபடி காத்து நிற்பார்.

அவள் ஏறினாள். இரண்டு விசில் கேட்டது. அவ்வளவு பெரிய கப்பல் பூப்போல எழும்பியது. உள்ளே இருந்த நாற்பதாயிரம் பேரும் வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள்.

கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்க போடணும் தாயி? அவன் பேருக்கு மேலே இடம் இருக்கா?"

உங்க வீட்டு வண்டியும் கடைசி ஆள் ஏறுறவரைக்கும் காத்திருக்கட்டும். எல்லாரும் நல்லா இருங்க.