212-ஆம் மேட்டில் முஸ்காரி

"இந்த மாகாணத்துல மண்ணைப் பொளந்துட்டு வர்ற எந்தக் கிழங்குப் பூவும் என்னை ஏமாத்த முடியாது. முப்பது வருஷத்துல ஒரு பூவுக்குக்கூட நான் தப்பான பேர் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன்" என்றார் செலாமி, பதவிப் பிரமாணம் எடுப்பவரைப் போல வலது கையை உயர்த்தி. அந்தக் கையில் பூதக்கண்ணாடி இருந்தது.

"தெரியும் ஹோஜா. அதனாலதான் உங்களைக் கூட்டிட்டு வந்தேன்" என்றாள் மெவ்லுதே.

கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவர் என்பதால் ஊரே அவரை ஹோஜா என்றுதான் கூப்பிட்டது. நிலநடுக்கத்துக்குப் பிறகு ஊர் என்பது மூன்று வரிசைக் கன்டெய்னர் வீடுகள். மெவ்லுதே எதிர் வரிசையில் இருந்தாள்.

இருவரும் நடந்துகொண்டிருந்தது புது மையவாடியில். அடையாளம் தெரியாமல் போனவர்களை அவசர அவசரமாக அடக்கிய இடம். மேட்டுக்கு ஒரு பலகை, பலகைக்கு ஒரு எண். செலாமியின் மனைவி நெபாஹத்தும் இந்த எண்களில் ஏதோ ஒன்றுதான். எது என்று கண்டுபிடிக்க உறவினர்களிடம் ரத்தம் எடுத்துக்கொண்டு போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவருக்குப் பதில் வரவில்லை. பதில் வராமல் எந்த மேட்டின் பக்கத்திலும் உட்காருவதில்லை என்று வைத்திருந்தார். ஆனால் வாரம் தவறாமல் வருவார். 'பூக்களைப் பதிவு செய்கிறேன்' என்பார். நின்றபடியே எழுதுவார், போய்விடுவார்.

மறுநாள் பெருநாள். பெருநாளுக்கு முந்தின நாள் அவரவர் இறந்தவர்களைப் பார்க்க வருவது வழக்கம் என்பதால் மையவாடி நிறைந்திருந்தது.

"அங்க பாருங்க அக்கா. 198 மேல ஒரு பூனை படுத்திருந்துச்சாம், அதனால அங்க இருக்கறது அந்த ஆளோட அம்மாவாம். உக்காந்து தக்காளி விலை சொல்லிட்டிருக்கார். அந்தப் பக்கம் ஒருத்தி, கனவுல நம்பர் வந்துச்சுன்னு உக்காந்திருக்கா. லாட்டரியா இது? பூனையும் கனவும் ஒரு ஆதாரமா?"

"பாவம் ஹோஜா. மனுஷங்க எங்கயாவது உக்காரணுமில்ல?"

"உக்காரட்டுமே. வாசல்ல பெஞ்சு போட்டிருக்கே."

மெவ்லுதே 212-இன் முன்னால் நின்றாள். கையில் ஒரு தண்ணீர் கேன். மேட்டின் மேல் ஒரு சாண் உயரத்தில், கவிழ்த்து வைத்த குட்டித் திராட்சைக் குலைகளாக நீலப் பூக்கள்.

"என் பையன் ஒக்தாய் மலையிலேருந்து நாலு முஸ்காரிக் கிழங்கு கொண்டாந்திருந்தான். காலைல நடணும்னு ஜாக்கெட் பையில போட்டுட்டுத் தூங்கினான். அதோடயே போயிட்டான். வான நீலமா, வாய் திறந்து, மணி மாதிரி பூக்கும்மான்னு சொன்னான். இந்த மேட்டுல இப்ப பூத்திருக்கு. இது அந்தப் பூதானே ஹோஜா? நீங்க ஆமான்னா என் பிள்ளைக்குத் தண்ணி ஊத்துறேன். இல்லைன்னா கேனோட வீட்டுக்குப் போயிடறேன்."

செலாமி மண்டியிட்டுப் பூதக்கண்ணாடியைப் பூவருகே பிடித்தார்.

பதில் முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. வான நீலம் இல்லை, மை நீலம். வாய் திறக்கவில்லை, சுருங்கி, விளிம்பில் அரிசி நொய் போல வெள்ளைப் பற்கள். கோதுமை வயல் வரப்பெல்லாம் கேட்பாரற்றுக் கிடக்கிற சாதாரண முஸ்காரி. விரலால் மண்ணைக் கிளறினார். கிழங்கு நாலு விரல் ஆழத்தில் இருந்தது. ஆள் ஆழத்திலிருந்து ஏறி வர அது என்ன ஏணியா வைத்திருக்கிறது? யாரோ போன இலையுதிர் காலத்தில் நட்டது. முதலாமாண்டு மாணவன்கூடச் சொல்லிவிடுவான்.

"என்ன ஹோஜா?"

கேனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். செலாமி பூதக்கண்ணாடியைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"அதேதான்" என்றார். "மலைப் பூ. இந்தப் பக்கத்துல வேற எங்கயும் வராது. ஊத்துங்க அக்கா."

மெவ்லுதே ஊற்றவில்லை.

"ஒக்தாய்க்கு ரோஜாவுக்கும் முள்ளங்கிக்கும் வித்தியாசம் தெரியாது ஹோஜா. வெல்டிங் பண்ணிட்டிருந்தான்."

"அப்ப... ஜாக்கெட்டு?"

"ஜாக்கெட்டும் இல்ல, கிழங்கும் இல்ல. அவன் 88-ல இருக்கான். இந்த வாரம்தான் ரத்தம் ஒத்துப்போய், பலகையில பேரே எழுதியாச்சு. விடியும்போதே போய் உக்காந்து அழுதுட்டு வந்துட்டேன். இது யாருன்னு எனக்குத் தெரியாது. ரெண்டு வருஷமா ஒருத்தரும் எட்டிப் பார்க்கலை. பூ நான் நட்டது, சந்தையில வாங்கி."

கேனை அவர் கையில் திணித்தாள்.

"நீங்களும் ரெண்டு வருஷமா இங்க நின்னுட்டே இருக்கீங்க. எனக்காக ஒரு பொய் சொல்ல முடியுதில்ல? உங்களுக்காகவும் ஒண்ணு சொல்லிக்குங்க."

அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டாள்.

செலாமி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. பூக்களைச் சுற்றித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். பிறகு, முழங்கால் முறுக்கிச் சத்தமிட, பெருநாளுக்கென்று இஸ்திரி போட்ட கால்சட்டையோடு ஈர மண்ணில் உட்கார்ந்தார்.

"நெபாஹத்" என்றார் மெல்ல, "நம்ம கன்டெய்னர் கூரை இன்னும் ஒழுகுது."