நல்ல இரத்தம்

மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தவள் சட்டென்று எடுத்துவிட்டாள்.

எங்கோ தப்பு நடந்திருக்கிறது. மறுபடி குனிந்தாள்.

பச்சை. கும்மிருட்டில் ஆங்காங்கே அணுக்கள் பச்சையாக மினுங்கிக்கொண்டிருந்தன.

கொசுக் கடியில் உடம்புக்குள் வந்து மூளைக்கு ஏறுகிற வைரஸ் அது. இரத்தத்தின் வெள்ளை அணுக்களுக்குள்ளும் போய்ப் பதுங்கிக்கொள்ளும். அணுக்களைப் பிரித்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயமேற்றி, அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால், வைரஸ் இருக்கிற அணு பச்சையாக ஒளிரும். அந்த லேபில் அவளுக்கு அதுதான் வேலை.

அன்று இரண்டு தகடுகள். ஒன்று, மாடி வார்டில் காய்ச்சலும் வலிப்புமாகக் கிடந்த தையல்காரியின் பையனுடையது. இன்னொன்று, ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் நல்ல இரத்தம். நோய்நொடி இல்லாத யாராவது ஒருவருடையது. அது எப்போதும் இருட்டாகத்தான் இருக்கும்.

பையனின் தகடு இருட்டாக இருந்தது.

நல்ல இரத்தம்தான் ஒளிர்ந்தது.

"சார், கொஞ்சம் இங்க வாங்களேன்."

லேப் பொறுப்பில் இருந்த சார் எப்போதும் கிண்டலோடுதான் வருவார். "என்ன, பேய கீய பாத்துட்டியா?" என்றபடி வந்து குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"தகடு மாறியிருக்கும். இல்லன்னா சாயத்த சரியா கழுவல. முதல்லேர்ந்து பண்ணுவோம். நானே பண்றேன், நீ உக்காரு."

அவளை உட்காரச் சொல்லி அவர் வேலை செய்தது அதுவரை நடந்ததில்லை.

தகடு மாறியிருக்க வேண்டும் என்று அவள் மனதுக்குள் வேண்டிக்கொண்டாள். மாறியிருந்தால் அந்தப் பச்சை பையனுடையது. நாலு வயதுப் பிள்ளைக்கு எதை வேண்டிக்கொள்கிறோம் என்பது அப்புறம்தான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இருந்தும் மனது வேண்டுவதை நிறுத்தவில்லை.

சார் தன் சட்டைக் கையை மடித்துவிட்டு, நர்ஸைக் கூப்பிட்டு, ஒப்பிட்டுப் பார்க்கத் தன் இரத்தத்தையும் ஒரு குழாயில் எடுக்கச் சொன்னார். பழைய குழாய்கள் இரண்டையும் எடுத்து ஒட்டியிருந்த சீட்டுகளைச் சரிபார்த்தார். பையனுடையது வார்டிலிருந்தே பெயர் ஒட்டி வந்தது, மாற வழியில்லை. புதிதாக மூன்று தகடுகள் போட்டார்.

காத்திருந்த நேரத்தில் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். அப்படியே மூடி வைத்தாள்.

விளக்கை அணைத்தார்கள்.

பையன் இருட்டு. சார் இருட்டு.

நல்ல இரத்தத்தின் தகடு முன்னைவிடப் பளிச்சென்று பச்சை.

இருவரும் கொஞ்ச நேரம் விளக்கைப் போடவில்லை.

"நெறைய பேருக்கு ஒண்ணுமே ஆகாதும்மா," என்றார் சார் இருட்டுக்குள்ளிருந்து. "வந்துட்டுப் போனதுகூடத் தெரியாது."

"ஆகுறவங்களுக்கு, சார்?"

அவள் விளக்கைப் போட்டபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் துடைத்தார்.

"பையனோட அம்மா வெளிய நிக்கிறாங்க. நான் போய் சொல்லிட்டு வரேன்," என்று அவள் எழுந்தாள்.

தாழ்வாரத்தில் தையல்காரி சுவரோடு சுவராக நின்றிருந்தாள். கடையிலிருந்து ஓடிவந்த கோலம். கழுத்தில் அளவெடுக்கும் நாடா அப்படியே தொங்கியது. கதவு திறந்ததும் ஓரடி முன்னால் வந்தாள்.

"நாங்க பயந்தது அவனுக்கு இல்லம்மா. டாக்டர் இனி வேற வைத்தியம் பாப்பாரு."

தையல்காரிக்கு அது புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் எட்டி அவள் கையை இறுகப் பற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும்மா!"

அவள் தலையாட்டினாள். பிடித்த பிடியில் முழங்கை மடிப்பு விண்ணென்று வலித்தது.

காலையில், நல்ல இரத்தத்துக்கு வேறு ஆள் தேடி அலைவானேன் என்று அந்தக் கையைத்தான் நர்ஸிடம் நீட்டியிருந்தாள்.