மூன்றரை கிடையாது

நாலாம் கட்டையில் சரளி வரிசை ஒருவழியாகக் கைக்கு வந்த அன்றே, வர்ஷினி அதை மூன்றுக்கு இறக்கச் சொன்னாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கட்டை என்பது ‘ஸ’ எந்த உயரத்தில் நிற்கிறது என்பதற்கு இந்தக் கர்நாடக சங்கீதக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. அவள் பாடும் ஐந்தரையில் ஆரம்பித்தோம். விரல் பழகியதும் ஐந்து என்றாள். அப்புறம் நாலரை. அப்புறம் நாலு. இறங்க இறங்க பேஸ் கிட்டாரில் கட்டங்கள் அகலமாகிக்கொண்டே போகும். என் சுண்டுவிரல் கழன்று விழாததுதான் பாக்கி.

நடுவில் மூன்றரை இருக்குமே, அதில் கொஞ்ச நாள் நிற்கலாமே என்று கேட்டேன்.

மூன்றரை என்று ஒரு கட்டையே கிடையாதாம். ஆர்மோனியத்தில் அந்த இடத்தில் கறுப்புக் கட்டை இல்லையாம். இதுகூடத் தெரியாமல் மெல்லிசைக் குழுவில் இத்தனை வருஷம் என்ன குப்பை கொட்டினாய் என்றாள்.

குப்பைதான் கொட்டினேன், தாயே. சைதாப்பேட்டையில் கல்யாணம், காதுகுத்து, ஒரு மேடை விடாமல் கொட்டினேன். ஒருத்தனும் என்னிடம் கட்டை கேட்டதில்லை.

இந்த வயதில் எனக்கு எதற்குக் கர்நாடக சங்கீதம்? எல்லாம் இவளுக்காக. தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு என் பெண்டாட்டி பாடவே இல்லை. பாடலாம் என்று டாக்டர் சொல்லி மாதங்கள் ஆகின்றன. மயிலாப்பூர் சபாக்காரர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். எனக்குச் சொல்லிக்கொடுக்கும் சாக்கிலாவது வாயைத் திறப்பாள் என்று பார்த்தேன். திறந்தாள், என்னைத் திட்டுவதற்கு.

சரி, மூன்று. பேஸில் அதுதான் அடித்தந்தி. ஸ-விலிருந்து மேல் ஸ வரைக்கும் ஏறி இறங்கினேன். தலையைக் குனிந்து தொடையில் தாளம் போட்டபடி, மறுபடியும் என்று விரலைக் காட்டினாள். வாசித்தேன். மறுபடியும். சுருதி பிசகவில்லை, தாளம் பிசகவில்லை, அவள் முகம் மட்டும் சரியில்லை.

“இன்னா நெனச்சிக்கினு கீற? எறக்கிக்கினே போறியே, இதுக்குக் கீழ எங்கிட்ட ஸ்ட்ரிங் இல்லம்மா!”

அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மறுபடியும் விரல்.

வந்த ஆத்திரத்தில், பாதி ஏறிக்கொண்டிருக்கும்போதே ஆம்ப்ளிஃபயரை அணைத்தேன்.

பேஸ் நின்றது. ஆனால் ப, த, நி என்று ஒரு குரல் மட்டும் தனியாக ஏறிப் போயிற்று.

மேல் ஸ-வில் கீறி உடைந்து நின்றது.

இத்தனை நாளும் என் சத்தத்துக்கு அடியில் அவள் பாடிக்கொண்டிருந்திருக்கிறாள். பாவி, எனக்குக் கேட்கவே இல்லை.

“மூணுலயும் எட்ட மாட்டேங்கறதுடா.”

அடித்தந்தியின் சாவியைத் திருகி இரண்டரைக்குத் தளர்த்தினேன். ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, சத்தத்தை முன்பைவிடக் கூட்டி வைத்தேன்.