வேனுக்கு முளைத்த ரெக்கை

"அந்த டிரைவரை இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியாகணும்!"

பெற்றோர் கூட்டத்தில் மேஜையைத் தட்டியவர் காத்து சார். கார் கம்பெனியில் வண்டிகளுக்கு உடம்பு வரைகிறவர். எந்த வடிவத்தில் காற்று எப்படி ஓடும் என்பதில் புலி. அதனால்தான் எங்கள் குடியிருப்பில் அவருக்கு அந்தப் பட்டம்.

எங்கள் பிள்ளைகளுக்காக நாங்கள் சேர்ந்து அமர்த்தியிருக்கும் பள்ளி வேனின் கூரையில், பின்பக்க விளிம்பில், டிரைவர் ஒரு தகரத்தை வளைத்து மாட்டிவிட்டார். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிபன் பாக்ஸுக்கு மீசை வைத்தது போல இருந்தது.

"அது பேரு ஸ்பாய்லர்" என்று ஆரம்பித்தார் காத்து சார். "வண்டி பறக்குற வேகத்துல போனா, மேல ஓடுற காத்து பின்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும். அதைக் கெடுக்கத்தான் ஸ்பாய்லர்."

"கெடுக்கும்னு நான் அப்பவே சொல்லலை? பசங்க கெட்டுக் குட்டிச்சுவராயிடும்!" என்றார் மூன்றாம் மாடி அம்மா.

"காத்தைக் கெடுக்கும்னு சொன்னேம்மா! நூறைத் தாண்டினாத்தான் அதுக்கு வேலையே. அப்ப இந்தாளு என்ன வேகத்துல ஓட்டுறான்னு பார்த்துக்குங்க."

எல்லோருக்கும் பகீர் என்றது. அடடா, படித்தவர் படித்தவர்தான்! வேலையை விட்டு நிறுத்தலாம் என்று எல்லோரும் கை தூக்கினோம். ஆமாம், நானும்தான்.

டிரைவரைக் கூப்பிட்டோம்.

"சாவியை மேஜைமேல வை" என்றார் காத்து சார்.

டிரைவருக்கு முகம் வெளுத்துவிட்டது. சாவியை வைத்தார்.

"நான் நாப்பதைத் தாண்டினதே இல்லை சார். இந்தத் தகரம் தூசிக்காக வெச்சது."

"தூசிக்கா? யார்கிட்ட காது குத்துறே?"

"வேனோட பின்பக்கம் சுவர் மாதிரி நெட்டுக்குத்தா இருக்கு சார். ஓடும்போது காத்து பின்னாடி சுழண்டு, தூசி புகை எல்லாத்தையும் இழுத்து, ஜன்னல் வழியா கடைசி சீட்டுல கொட்டுது. ஜன்னலை மூடினா பிள்ளைங்க வெந்துடும். இந்தத் தகரம் மேல போற காத்தைக் கீழ திருப்பிவிட்டுத் தூசியைத் தள்ளுது."

"கதை! நீ கண்டபடி ஓட்டித்தான் என் பொண்ணு ஒரு மாசமா இருமுறா, தெரியுமா?"

"இப்பவும் இருமுதா சார்?"

காத்து சாருக்குத் தெரியவில்லை. மனைவியைப் பார்த்தார்.

"பத்து நாளா இல்லைங்க" என்றார் அவர் மெதுவாக.

"தகரம் மாட்டிப் பத்து நாளாச்சு சார்."

அறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காத்து சாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"தகரம் மாட்டினா தூசி வராதுன்னு எந்த முட்டாள்யா உனக்குச் சொன்னான்?"

டிரைவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஏதோ பத்திரிகையில் கிழித்த பக்கம். வேன் படம், அம்புக்குறிகள், வளைந்த தகடு எல்லாம் இருந்தன. பக்கத்தின் மேலே, கட்டுரையை எழுதியவரின் போட்டோ. காத்து சார்தான், கோட்டு சூட்டில் சிரித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் மாடி அம்மா எட்டிப் பார்த்து, "போட்டோ நல்லா விழுந்திருக்கு" என்றார்.

"இது... இது உனக்கு எப்படிக் கிடைச்சுது?"

"கடைசி சீட்டுப் பாப்பா குடுத்துச்சு சார்."

"எந்தப் பாப்பா?"

"உங்க பொண்ணுதான். இருமுதுன்னு உங்ககிட்ட சொன்னப்போ, 'அப்பா எழுதிட்டிருக்கேன், அப்புறம் பேசலாம்'னு அனுப்பிட்டீங்களாம். நீங்க எழுதினதைக் கிழிச்சு எடுத்துக்கிட்டு என்கிட்ட வந்துடுச்சு."