கடைசியாகப் படித்த நேரம்

டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறைகள் மூன்றில் எது வேகம் என்று சோதித்துச் சோதித்து அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. பெரிய கோப்புகளில் மூன்றும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. பொருளில்லாத எழுத்துகளை நிரப்பிய பொடிக் கோப்புகளில்தான் மூன்றாவது திணறியது. பார்த்தால், சோதனையை நிறுத்திய பிறகும் ஒவ்வொரு கோப்புக்கும் கணினி தானாகக் குறித்துவைக்கும் ‘கடைசியாகப் படித்த நேரம்’ ஒன்றன்பின் ஒன்றாக மாறிக்கொண்டே வந்தது. யாரோ நிதானமாகப் படிக்கிறார்கள்.

“அந்த நேரப் பதிவ அணைச்சிடும்மா, வேகம் தானா வரும்,” என்றார் மேலாளர்.

“நெட்வொர்க் வயரக்கூடக் கழட்டிட்டேன் சார். யாருன்னு தெரிய வேணாமா?”

“யாரா இருந்தா நமக்கென்ன? நாளைக்கு ரிப்போர்ட் குடுக்கணும்.”

அணைத்தாள். எல்லா நேரங்களும் நின்றன, ஒன்றைத் தவிர. காலையில் அலுப்பில், குப்பையோடு குப்பையாக அவளே தட்டிப் போட்ட கோப்பு அது: ‘ரொம்பக் களைப்பா இருக்கு.’

அதை யாரோ திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார்கள்.